வாத்தியாரின் நேரம்

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் நேரத்துக்கு எப்போதும் கணக்கு உண்டு. விடியுமுன் தப்புச் சத்தம் கேட்கும். அடுத்தது பெரட்டுக்களம். அங்கே பெயர் பதிந்த பிறகு மலை ஏற வேண்டும், மாலையில் கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நிற்க வேண்டும். முழு நாள் உழைத்தவருக்குச் செக்றோலில் ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று அடுக்கடுக்காக ஆட்கள் நின்று இந்தக் கணக்கைப் பார்த்தார்கள். இதில் சரியாக அகப்படாத ஒருவர் இருந்தார். அவர்தான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய நாளை யாரும் அளக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டார்கள்.

இன்று பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை கல்வி வலயங்களில் இருக்கும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்கள் எக்ஸெல் தாளிலும் கூகுள் படிவத்திலும் வாட்ஸ்அப் குழுவிலும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது அந்த நேரத்தைத்தான். கருவிகள் புதியவை, முயற்சி பழையது. ஒரு ஆள் பல வகுப்பைச் சமாளிப்பது எப்படி, எழுதியதையே திரும்ப எழுதாமல் தப்புவது எப்படி, கற்பிக்கும் நேரத்தைக் காகித வேலை தின்றுவிடாமல் காப்பது எப்படி என்ற கேள்விகளுக்கு இந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக விடை தேடியிருக்கிறார்கள். சில விடைகள் நேரத்தை மிச்சப்படுத்தின. வேறு சில, மிச்சமான நேரத்துக்குப் புதிய வேலையைக் கொண்டுவந்து சேர்த்தன.

ஒரு கூடம், ஐந்து வகுப்பு

கோப்பிக் காலத்தில் தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து பருவத்துக்கு வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் வந்தார்கள் என்பதால் பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே அதிகம் இடமில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் வேதத்தோடு எழுத்தையும் சொல்லித்தர மலையகத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்பியது. 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் தெரிந்தது. அடுத்த இருபது வருடங்களில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்கு வருடம் முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலையாகத் தங்கின. 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைப் பக்கம் டம்பதென்ன தோட்டத்தை வாங்கினார். மலையில் ஆள் பெருகப் பெருக, லயத்து வாசலில் பிள்ளைகளும் பெருகினார்கள்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் முதன்முதலாக உருப்படியாகப் பேசியது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தில்தான். ஆறு முதல் பத்து வயதுவரை உள்ள தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தரவேண்டிய பொறுப்பு தோட்ட நிர்வாகத்துடையது என்றது அது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை இன்னும் இறுக்கியது. துரைமார் சட்டத்தைச் செலவில்லாமல் நிறைவேற்ற வழி பார்த்தார்கள். ஒரு கூடம், அதற்குள் ஒரு கரும்பலகை, சில வாங்குகள், ஒரு வாத்தியார். நடுவே தடுப்பு கிடையாது. அரிச்சுவடி தொடங்கும் பிள்ளையும் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ், ஒரே குரலைக் கேட்டபடி இருந்தார்கள்.

அந்த ஒற்றை ஆள் நாளை ஓட்டிய விதம் கவனிக்கத்தக்கது. முதலாம் வகுப்பைச் சிலேட்டில் எழுத்துப் போட வைப்பார். இரண்டாம் வகுப்பு வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லும். மூன்றாம் வகுப்பு பார்த்து எழுதும். நாலாம் வகுப்புக்குப் பலகையில் கணக்குப் போட்டுவிட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து வாசிப்பார். சத்தம் போடும் வகுப்பையும் மௌனமாக எழுதும் வகுப்பையும் மாற்றி மாற்றி அமைத்தால்தான் கூடம் தாங்கும். வாய்ப்பாட்டுச் சத்தம் ஓய்ந்தால் அந்தப் பக்கம் போகவேண்டும் என்று அவருடைய காதுக்குத் தெரியும். நேரசூசி சுவரில் தொங்கும், ஆனால் அவர் நம்பியிருந்தது இந்தக் காதைத்தான்.

இன்னொரு துணையும் இருந்தது. கெட்டிக்காரப் பெரிய பிள்ளை ஒன்றை எழுப்பிச் சின்ன வகுப்பைப் பார்க்கச் சொல்வது. தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலை இது. இந்தப் பழக்கம் தோட்டத்துக்கு வருமுன்பே ஒரு முறை உலகம் சுற்றிவிட்டது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்து, எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். அவருக்குக் கிடைத்த உதவி ஆசிரியர்கள் புதுமை எதற்கும் இணங்காதவர்கள். ஒரு நாள் உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவியாளர்கள் மறுத்தபோது எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு அவனையே சொல்லித்தர வைத்தார். காரியம் நடந்தது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளெங்கும் பரவியது. 1832இல் இறந்த பெல், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். திண்ணை வாத்தியாரின் உத்திக்கு அங்கே மரியாதை கிடைத்தது, வாத்தியாருக்கு இல்லை.

தோட்டத்துச் சட்டாம்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. அவன் நெடுநாள் நிலைக்க மாட்டான். பத்து வயது தாண்டியதும் பெரட்டுக்களத்தில் அவன் பெயரும் விழுந்துவிடும். வாத்தியார் அடுத்த ஆளைப் பழக்க வேண்டியதுதான்.

இடாப்பு தின்ற காலம்

கூடத்தில் மிச்சம் பிடித்த நேரம் மேசையில் செலவாயிற்று. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தது. அடுத்த வருடமே உதவி பெறும் பாடசாலைகளுக்கு மாணவரின் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்து நன்கொடை கொடுக்கும் முறை வந்தது. முறை பின்னர் மாறினாலும், அரசுப் பணம் வரவேண்டுமானால் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற பாடம் மாறவில்லை. பரிசோதகர் வந்தால் முதலில் கேட்பது வரவு இடாப்பைத்தான், பிள்ளையை அப்புறம்தான்.

இடாப்பின் வேலை லேசானதல்ல. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அன்றாடம் ஒரு கோடு. மாதக் கடைசியில் ஒவ்வொரு பிள்ளையின் நாட்களையும் குறுக்காகக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு நாளின் தலைகளையும் நெடுக்காகக் கூட்ட வேண்டும். இரண்டு மொத்தமும் மூலையில் உள்ள ஒரே கட்டத்தில் ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தால் மறுபடி முதலிலிருந்து. அதன் பிறகு சராசரி. கொழுந்து கூடிய மாதங்களில், தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்ற பிள்ளைகளால் அந்தச் சராசரி சரியும். அதற்கு விளக்கம் எழுதவேண்டும். இதோடு சேர்வு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம், பாடக்குறிப்பு, பொருட் பதிவேடு எல்லாம் அந்த ஒரே ஆளின் கையெழுத்தில்தான்.

தோட்டம் எடுத்துக்கொண்ட பங்கு வேறு. லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் சிலரே. ஊருக்குக் கடிதம், துரைக்குப் பெட்டிசம், மணியோடர் நிரப்புதல் என்று மாலையானால் வாத்தியார் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை ஒரே அடியில் நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டத்தின்கீழ் குடியுரிமைக்கு 1951 ஆகஸ்ட் மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது மறுபடியும் படிவம். எத்தனை வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தோம், பிள்ளை எங்கே பிறந்தது, எந்தப் பள்ளியில் சேர்ந்தது என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டியவர்களுக்கு எழுதத் தெரிந்த கையும் வேண்டும், பழைய பதிவேடும் வேண்டும். இரண்டும் இருந்த இடங்களில் ஒன்று பள்ளிக்கூடம். வாத்தியார் சலித்துக்கொண்டு பராமரித்த இடாப்புக்கு அன்றுதான் அர்த்தம் கிடைத்தது.

இதையெல்லாம் செய்தவர்கள் நாட்டின் மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாக மதிக்கப்படவில்லை. 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், 1960இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைச் சுவீகரித்தபோதும் தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் வெளியே நின்றன. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்புதான் பள்ளிகளின் முறை வந்தது. 1977இல் தொடங்கி அரசு கட்டம் கட்டமாக அவற்றைப் பொறுப்பேற்றது. வாத்தியாரின் சம்பளம் தோட்ட ஆபிசிலிருந்து கல்வித் திணைக்களத்துக்கு மாறியது.

ஊதா மையும் றோணியோவும்

1980இல் அரசு பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தோட்டத்து ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய நேர மிச்சம் அதற்கு முன் கிடைத்ததில்லை. புத்தகம் இல்லாத வகுப்பில் பாடம் முழுவதையும் பலகையில் எழுதி, பிள்ளைகள் பார்த்து எழுதும்வரை காத்திருந்து, அழித்து, மறுபடி எழுத வேண்டும். பாடவேளையின் பாதி அதிலேயே போகும். கையில் ஒரு புத்தகம் வந்ததும் அந்தப் பாதி திரும்பக் கிடைத்தது. 1980களின் நடுவில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியோடு தோட்டப் பாடசாலைகள் அபிவிருத்தித் திட்டம் வந்து, கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. சாதாரண தரம் முடித்த உள்ளூர் இளைஞர் பலர் ஆசிரியராக நுழைந்ததும் இக்காலத்தில்தான். வேலையில் இருந்தபடியே தொலைக்கல்வி மூலம் பயிற்சி பெற்றவர்களும் உண்டு. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது.

புத்தகம் வந்தும் வினாத்தாள் பிரச்சினை தீரவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் பரீட்சை உண்டு, ஐந்தாம் தரத்துக்குப் புலமைப்பரிசில் பயிற்சித் தாள்களும் வேண்டும். அச்சடிக்கக் காசில்லாத பள்ளிகளில் ஆசிரியர்கள் முதலில் பிடித்தது ஜெலட்டின் தட்டு. ஜெலட்டினையும் கிளிசரினையும் காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி உறைய விடுவார்கள். ஊதா மையில் எழுதிய மூலப் பிரதியை அதன் மேல் கவிழ்த்து அழுத்தினால் எழுத்து தட்டில் இறங்கும். பிறகு வெற்றுத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்துத் தடவி எடுக்க வேண்டும். முதல் பத்துத் தாள் பளிச்சென்று வரும், முப்பது தாண்டினால் மங்கும். கடைசி வாங்குப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஊகித்து வாசிக்க வேண்டிய கேள்விதான். பரீட்சை வாரத்தில் வாத்தியாரின் விரல் நுனிகளில் ஊதா போகாது.

அதைவிட வசதி றோணியோ இயந்திரம். டேவிட் கெஸ்டெட்னர் லண்டனில் 1880களில் உருவாக்கிய ஸ்டென்சில் முறையின் வழி வந்தது அது. மெழுகு பூசிய மெல்லிய தாளில் எழுத்து வெட்டினால், வெட்டிய இடம் வழியே மை இறங்கும். தட்டச்சு இயந்திரத்தில் நாடாவை விலக்கிவிட்டு அடித்தால் அச்செழுத்தே மெழுகை வெட்டும். தமிழ்த் தட்டச்சு இல்லாத பள்ளியில் இரும்பு முனைப் பேனாவால் கையாலேயே கீறினார்கள். அழுத்தினால் தாள் கிழியும், மெதுவாகக் கீறினால் எழுத்து விழாது. பிழை வந்தால் நெயில் பொலிஷ் மணம் வீசும் ஒரு சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊதி, காய்ந்த பிறகு அதன் மேலேயே மறுபடி எழுத வேண்டும். முக்கோணம் ஒன்று வரைவதற்குள் வியர்த்துவிடும். ஆனால் உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினால் நூற்றுக்கணக்கில் தாள் விழும். பல பள்ளிகளுக்கு ஒரு வினாத்தாள் என்ற வழக்கம் நிலைக்க றோணியோ ஒரு காரணம். பத்து ஆசிரியர் தனித்தனியே கீறியதை ஒருவர் கீறினால் போதும் என்றாயிற்று.

1990களில் பதுளை நகரில் போட்டோக் கொப்பி இயந்திரம் வைத்த கொமியூனிகேஷன் கடைகள் பெருகின. கீறும் வேலை போயிற்று, பஸ் பயணம் சேர்ந்தது. நமுனுகுலை மலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ நகருக்கு இறங்கி, பிரதி எடுத்துத் திரும்பினால் ஒரு சனிக்கிழமை முடிந்துவிடும். காசும் பல சமயம் ஆசிரியரின் பையிலிருந்தே போனது.

கணினி வந்தபோது தமிழ் எழுத்து ஒரு சிக்கலாக நின்றது. இலங்கையில் பரவலானது பாமினி எழுத்துரு. தட்டச்சுக்கு வசதியானது, ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது, விண்டோஸ் 2000 அதை மேசைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் பாமினியில் அடித்த வினாத்தாள்கள் பல பள்ளிகளில் குவிந்துவிட்டன. பிற்காலத்தில் இணையக் கருவிகளைப் பயன்படுத்தும்போது ஆசிரியருக்குத் தலைவலி தந்ததும் இந்தக் குவியல்தான்.

மலை உச்சியில் சிக்னல்

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. தேசிய தொலைக்காட்சியில் சிங்களத்துக்கு குரு கெதர, தமிழுக்குக் குருகுலம் என்று பாடங்கள் ஓடின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடங்கள் இருந்தன. ஆனால் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் இடையில் அன்றாடம் ஓடியது வாட்ஸ்அப்தான். பாடப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது, குரல் பதிவில் விளக்குவது, பிள்ளை செய்த பயிற்சியைப் படமாக வாங்கித் திருத்துவது என்று ஒரு புதிய பள்ளிக்கூடம் போனுக்குள் நடந்தது.

லயத்து வீட்டில் போன் ஒன்றுதான் இருக்கும். அது கொழுந்து பறிக்கும் தாயோடு அல்லது கொழும்புக் கடையில் வேலை செய்யும் தகப்பனோடு போய்விடும். சிக்னல் தேடி மேடு ஏற வேண்டும். 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் காட்டு வழியே நடந்து பாறை உச்சிக்கு ஏறிப் பாடம் இறக்கிய செய்தியையும், லுணுகலைப் பக்கத்தில் மலை மேல் மரக்குடில் ஒன்றில் பிள்ளைகள் அமர்ந்து படித்த செய்தியையும் உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. அந்தப் படங்களில் பிள்ளைகளின் உழைப்பு தெரிந்தது. ஆசிரியரின் மறுபக்கம் தெரியவில்லை. நாற்பது பிள்ளைகளின் நாற்பது மங்கலான படங்கள் இரவு பதினொரு மணிவரை வந்து விழும். ரீலோட் காசு அவருடையது. ஒரு வகுப்புக்கு ஒரு குழு, பாடத்துக்கு ஒரு குழு, அதிபர் குழு, வலயக் குழு என்று பல குழுக்களின் மணிச் சத்தம் ஓயாது. அந்த ஜூலையில் சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு கேட்டு நாடு முழுவதும் ஆசிரியரும் அதிபரும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். அக்டோபர்வரை அது நீடித்தது.

அடுத்த வருடம் பொருளாதாரம் விழுந்தபோது காகிதமும் மின்சாரமும் சேர்ந்தே தட்டுப்பட்டன. 2022 மார்ச்சில் காகிதப் பஞ்சத்தால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலத்தைத் தொட்டது. ஒரே கருவியை நம்பக் கூடாது என்று ஆசிரியர்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள்.

எது உண்மையில் மிச்சம்?

அந்த வருடங்களில் பழகியவற்றுள் சில தங்கிவிட்டன. எவை தங்கின என்று பார்த்தால், பழைய இடாப்பு, றோணியோ காலத்தின் சிரமங்களை நேரே தொட்டவைதான் அவை.

முதலாவது புள்ளிப்பட்டியல். நாற்பது பிள்ளைகள், ஒன்பது பாடங்கள், மொத்தம், சராசரி, வகுப்பு நிலை ஆகியவற்றைக் கையால் போட்டால் இரண்டு இரவு போகும். எக்ஸெல்லிலோ கூகுள் தாளிலோ ஒரு முறை சூத்திரம் போட்டு வெற்று மாதிரியாக வைத்துக்கொண்டால், அடுத்த தவணைக்கு எண்களை மட்டும் இட்டால் போதும். கூட்டல், சராசரி, நிலை ஆகிய மூன்று சூத்திரங்களுக்கு மேல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. கூகுள் தாளாக இருந்தால் பாட ஆசிரியர்கள் அவரவர் நிரலை அவரவர் போனிலிருந்தே நிரப்பலாம். வகுப்பாசிரியர் துண்டுத் தாள்களைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இடாப்பின் குறுக்குக் கூட்டலும் நெடுக்குக் கூட்டலும் இங்கே தாமாகவே ஒத்துப்போகும்.

இரண்டாவது கூகுள் படிவம். பலதேர்வு வினாக்களை வினாடி வினா அமைப்பில் போட்டு விடைக் குறிப்பையும் கொடுத்துவிட்டால் திருத்தும் வேலை இல்லை, புள்ளிகள் நேரே தாளில் போய் விழும். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் தவறினார்கள் என்ற படமும் கிடைக்கும். கையால் திருத்தியபோது ஆசிரியர் கண்டுபிடிக்க நேரமே இல்லாதிருந்த விஷயம் அது. தோட்டத்தில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பகலில் முடிவு நேரம் வைக்கக் கூடாது. போன் மாலையில்தான் வீடு வரும், ஆகவே இரவும் வார இறுதியும் சேர்ந்த அவகாசம் வேண்டும். போன் இல்லாத பிள்ளைக்கு அதே கேள்வி தாளில் கிடைக்க வேண்டும். பழைய பாமினி வினாக்களைப் படிவத்தில் ஒட்டினால் எழுத்து குலையும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பிழை பார்த்துப் போட வேண்டும். ஒருவர் மாற்றியதைப் பக்கத்துப் பள்ளி மறுபடி மாற்றத் தேவையில்லை.

தட்டச்சுத் தெரியாதவருக்குக் குரல் வழி ஒன்று திறந்தது. 2017இல் கூகுள் தன் குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. பாடக்குறிப்பையோ பெற்றோருக்கான அறிவித்தலையோ போனைப் பார்த்துச் சொன்னால் எழுத்தாக வரும். மலையகப் பேச்சில் சொன்னால் சில இடங்களில் தடுமாறும், எழுத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னால் பெரும்பாலும் சரியாக விழும். ஆண்டுக்கு ஆண்டு கையால் பிரதி பண்ணிய பாடக்குறிப்பைத் திருத்தி மட்டும் வைத்துக்கொள்ள இது உதவுகிறது. சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் சுற்றுநிருபத்தைப் போன் கமெராவில் காட்டி மொழிபெயர்த்து, சாரத்தை உடனே தெரிந்துகொள்ளும் ஆசிரியர்களும் உண்டு. திகதியையும் எண்களையும் மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். 2022 கடைசியில் வந்த சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பயிற்சி வினாக்களை நொடியில் எழுதித் தருகின்றன. ஆனால் இலங்கைப் பாடநூலின் கலைச்சொல் அவற்றுக்குச் சரியாக வராது, தவறான விடையையும் தயங்காமல் தரும். வாசித்துப் பார்க்காமல் பலகைக்குக் கொண்டுபோனால் மிச்சமான நேரம் மறுநாள் மன்னிப்புக் கேட்பதில் போகும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் அனுபவசாலிகள் செய்வது எளியது. வகுப்புக் குழுவில் நிர்வாகி மட்டும் செய்தி போடலாம் என்று அமைத்துவிடுகிறார்கள். கேள்விகளுக்கு மாலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்குகிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பின் குழுவை மௌனமாக்கிவிடுகிறார்கள். இதைத் தவணை ஆரம்பத்திலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட்டால் யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை.

பெரிய மிச்சம் தனி ஆளின் கெட்டிக்காரத்தனத்தில் இல்லை, பகிர்வதில்தான் இருக்கிறது. றோணியோ காலத்தில் ஒருவர் கீறிய தாள் பல பள்ளிகளுக்குப் போனது. அந்த வழக்கம் இன்று இன்னும் சுலபம். பசறை வலயத்தின் எல்லாத் தமிழ்ப் பாடசாலைகளும் தரம் வாரியாக ஒரே இணையக் கோப்புறையில் வினாக்களையும் பாடக்குறிப்புகளையும் போட்டு வைத்தால், பல வகுப்பை ஒன்றாகக் கற்பிக்கும் சிறிய பள்ளியின் ஆசிரியருக்கு அதுவே துணை ஆள். சட்டாம்பிள்ளை இல்லாத குறை ஓரளவு தீரும். அப்படிப்பட்ட சிறிய பள்ளிகள் ஊவாவில் இன்றும் உண்டு. ஆசிரியர் பற்றாக்குறையும் உண்டு. 2014, 2015இல் மாதம் 6,000 ரூபாய் படிக்குத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்க வேண்டிவந்ததே அதற்குச் சாட்சி.

கருவி எதுவாயினும் ஒரு சங்கதி இன்னும் சரியாகவில்லை. புள்ளிகள் கூகுள் தாளில் இருக்கும், அதையே புள்ளிப் புத்தகத்தில் மையால் எழுத வேண்டும், தேர்ச்சி அறிக்கையில் மறுபடி எழுத வேண்டும், அதன் சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும், பிறகு அச்சடித்துக் கையொப்பத்தோடு நேரிலும் கொடுக்க வேண்டும். வரவு விபரத்துக்கும் இதே கதி. கணினி வந்த பிறகு காகிதம் குறையவில்லை, இரண்டும் கூடிவிட்டன. நூறு வருடத்துக்கு முன் பரிசோதகருக்காக இடாப்பைக் கூட்டிய வாத்தியாரும், இன்று பல வடிவத்தில் ஒரே எண்ணை அனுப்பும் ஆசிரியரும் வகுப்பிலிருந்து எடுத்துத்தான் அந்த நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

இதை ஆசிரியர் மட்டும் சரிசெய்ய முடியாது. ஊவா மாகாணக் கல்வி நிர்வாகமும் வலயப் பணிமனைகளும் ஒரு விபரத்தை ஒரு வருடத்தில் எத்தனை தடவை, எத்தனை வடிவத்தில் கேட்கிறோம் என்று முதலில் பட்டியல் போட்டுப் பார்க்கட்டும். ஒரு முறை கொடுத்த விபரத்தை மறுபடி கேட்காதிருக்க ஒரு சுற்றுநிருபம் போதும். அதைத் தமிழிலும் அனுப்பி வைத்தால் இன்னும் நல்லது.